பேச்சுரிமையும் வெறுப்புப் பேச்சும்: எல்லையோரத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்துக்குள் குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம். இங்கெல்லாம் தமிழ் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மனு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

பேச்சுரிமை இருக்குன்னா யார் என்ன வேணா பேசலாமா?

பேசலாம், எல்லையும் உண்டு. அரசியலமைப்பின் 19(1)(அ) எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுச் சுதந்திரம் தருகிறது. எந்தெந்தக் காரணத்துக்காக அரசு அதைக் கட்டுப்படுத்தலாம் என்பதை 19(2) சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுவது. இவற்றுக்கு வெளியே புதிதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து யார் வாயையும் அடைக்க முடியாது. "மனசு புண்பட்டுப் போச்சு" என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

முதலில் பட்டியல் இவ்வளவு நீளமாக இல்லை. அது நீண்ட கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் உள்ளே வரக்கூடாது என்று அன்றைய சென்னை அரசு தடை போட்டது. 1950 மே மாதம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கியது. மறு வருஷமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து "பொது ஒழுங்கு" உள்ளே நுழைந்தது. "இறையாண்மை, ஒருமைப்பாடு" சேர்ந்தது 1963இல், பதினாறாம் திருத்தத்தில். அன்றைக்கு டெல்லியின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது திராவிட நாடு கோரிக்கை. பேச்சை ஒடுக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்று நம்மவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வருஷங்களும் ஞாபகம் வரும்.

பஸ்ஸில் சீட்டுத் தகராறு. பக்கத்தில் நின்னவன் "போடா பாண்டி"ன்னுட்டான். கேஸ் போடலாமா?

"பாண்டி" இங்கே தமிழரை இளக்காரமாகக் கூப்பிடும் சொல்தான், ஆனாலும் வெறுப்புப் பேச்சு வழக்கு நிற்காது. இரண்டு பேர் சண்டையில் ஒருவர் வாயிலிருந்து வந்த வசவு அது. ஊரைக் கூட்டித் தமிழர்மேல் பகை மூட்டியதாக அதை நிரூபிக்க முடியாது. 2025 பிப்ரவரியில் ஜார்க்கண்ட் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஓர் அரசு ஊழியரை ஒருவர் "மியான்-தியான்", "பாகிஸ்தானி" என்று ஏசியிருந்தார். அது ரசக்குறைவான பேச்சுதான், ஆனாலும் மத உணர்வைப் புண்படுத்திய குற்றம் ஆகாது என்று நீதிபதிகள் விடுவித்துவிட்டார்கள்.

அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதித்ததாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 352ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. சீட்டுத் தகராறுக்கு அவ்வளவு தூரம் அலையத்தான் வேண்டுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே சொல்லை எஸ்டேட் சூப்பர்வைசர் தினமும் கொழுந்து நிறுக்கும்போது சொல்கிறார், அல்லது வகுப்பில் வாத்தியார் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறார் என்றால் விஷயம் வேறு. அங்கே அவர் கையில் உங்கள் கூலியும் பிள்ளையின் படிப்பும் இருக்கிறது. எஸ்டேட் என்றால் யூனியன் வழியாகத் தொழிலாளர் துறைக்குப் போங்கள். பள்ளி என்றால் கேரள மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். காவல் நிலையத்தைவிட அங்கே சீக்கிரம் அசையும்.

அப்ப எதைத்தான் வெறுப்புப் பேச்சுன்னு சட்டம் சொல்லுது?

அந்தச் சொல்லுக்குத் தண்டனைச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. நடைமுறையில் போலீஸ் கையில் எடுப்பது சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 153ஏ. 2024 ஜூலை 1 முதல் எண் மாறியது. மதம், இனம், பிறந்த இடம், வசிப்பிடம், மொழி, சாதி, சமூகம் என்று எதை வைத்தாவது பிரிவினருக்குள் பகையும் வெறுப்பும் வளர்த்தால் மூன்று ஆண்டு வரை சிறை. வழிபாட்டுத் தலத்தில் செய்தால் ஐந்து ஆண்டு வரை. பேச்சு, எழுத்து, சைகை, வாட்ஸாப் எல்லாம் இதில் அடங்கும்.

எழுத்தில் அகலமாகத் தெரிகிற இந்தப் பிரிவைத் தீர்ப்புகள் சுருக்கி வைத்திருக்கின்றன. பகை மூட்டும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பிரிவினராவது சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்று பிலால் அகமது காலூ வழக்கில் 1997இல் சொன்னார்கள். அரசாங்கத்தைத் திட்டுவது இதில் வராது, ஏனென்றால் அரசாங்கம் ஒரு சமூகம் கிடையாது. சொன்னவர் யார், அவர் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள், எந்த இடம், எந்த நேரம் என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றது 2020இல் வந்த அமிஷ் தேவ்கன் தீர்ப்பு. டீக்கடையில் ஒரு கிழவர் சொல்வதும் மைக் பிடித்த கட்சிக்காரர் சொல்வதும் சட்டத்தின் முன் ஒரே எடை கிடையாது.

டெல்லியில் 2014 ஜனவரியில் நிடோ தானியா என்ற அருணாச்சலப் பிரதேச இளைஞர் அடிபட்டு இறந்தார். முடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு. அதற்குப் பிறகு பெஸ்பருவா குழு புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. 2017இல் சட்ட ஆணையமும் தன் 267ஆவது அறிக்கையில் வெறுப்பைத் தூண்டுவதற்கெனத் தனிப் பிரிவு கேட்டது. புதிய சன்ஹிதா எழுதியபோது இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய சரக்குதான், புது எண்.

மொழியை வச்சுக் கேலி பண்றதெல்லாம் இனவெறியில சேருமா? நாம எல்லாம் ஒரே இனம்தானே?

இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1965இல் வந்தது. இந்தியா 1968இல் ஏற்றது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பூர்வீகம் என்று அது பட்டியலிடுகிறது. மொழி அதில் தனியாக இல்லை. நம் 196ஆம் பிரிவு மொழியையும் பிறந்த இடத்தையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வழக்குக்கு அது போதும், இனமா இல்லையா என்று ஆராய வேண்டியதில்லை.

நேரில் பார்த்தால் இவை தனித்தனியாக வருவதும் இல்லை. தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருவர் ஏலக்காய்க் கறை படிந்த சட்டையோடு பேங்கில் வரிசையில் நிற்கிறார். "இந்தக் கூட்டத்துக்கு வேற வேலை இல்லை" என்று பின்னாலிருந்து மலையாளத்தில் ஒரு குரல். அந்தக் குரல் அவருடைய நிறத்தைச் சொன்னதா, பேச்சைச் சொன்னதா, அவர் குடியிருக்கும் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டைச் சொன்னதா, சாதியைச் சொன்னதா? நான்கையும்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, டோக்கனையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பேச்சுக்கு எந்தப் பிரிவும் கிடையாது, இருக்கவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். வரிசையில் நின்ற மற்றவர்களில் ஒருவராவது வாயைத் திறந்திருக்கலாம்.

சினிமாவைப் பற்றியும் கேட்கிறார்கள். மலையாளப் படத்தில் திருட்டு அண்ணாச்சி, தமிழ்ப் படத்தில் டீ ஆற்றும் நாயரும் முண்டு கட்டிய சேச்சியும். எரிச்சல் வரும்தான். விமர்சனம் எழுதுங்கள், தியேட்டரில் சிரிக்காமல் உட்காருங்கள்.

அமெரிக்காவில் என்ன பேசினாலும் விட்டுருவாங்களாமே, இங்க மட்டும் ஏன்?

என்ன பேசினாலும் இல்லை, ஆனால் நிறைய விடுவார்கள். 1969இல் பிராண்டன்பர்க் வழக்கு. கு கிளக்ஸ் கிளான் தலைவர் ஒருவர் கறுப்பர்களையும் யூதர்களையும் வைத்து பேசிய பேச்சு அது. உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அப்படி நடந்துவிடும் சாத்தியமும் இரண்டும் இருந்தால்தான் தண்டிக்கலாம் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். நாஜி முகாம்களில் தப்பிய யூதர்கள் பலர் குடியிருந்த ஸ்கோக்கி ஊரில் நாஜிகள் ஊர்வலம் போகும் உரிமையைக்கூட 1977இல் அங்கே நீதிமன்றம் காத்தது. ஜெர்மனி நேர் எதிர். அங்கே தண்டனைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு ஒரு மக்கள் பிரிவுமேல் வெறுப்பு மூட்டுவதையும் யூதப் படுகொலையை மறுப்பதையும் குற்றமாக்குகிறது. ஐ.நா. உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, இன உயர்வைப் பரப்பும் பேச்சைத் தண்டிக்கச் சொல்கிறது. அமெரிக்கா கையெழுத்திட்டபோதே தன் பேச்சுரிமைக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கிவைத்துக்கொண்டது.

இந்தியா நடுவில் நிற்கிறது. எழுத்தில் ஜெர்மனி பக்கம், தீர்ப்புகளில் பல சமயம் அமெரிக்கா பக்கம், காவல் நிலையத்தில் அன்றைக்கு யார் ஆட்சியோ அவர்கள் பக்கம். கடைசியில் சொன்னதுதான் எனக்குக் கவலை.

எல்லையில் இருப்பவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. குமுளியில் நான் சிறுபான்மை. செக்போஸ்ட்டைத் தாண்டி லோயர் கேம்ப் இறங்கினால் பெரும்பான்மை. ஒரு பேச்சைத் தண்டிக்கலாமா என்று யாராவது கேட்டால், அதே பேச்சை மலையாளியைப் பற்றிக் கம்பத்தில் நம்மாள் பேசினால் அவரையும் உள்ளே வைக்கச் சம்மதமா என்று திருப்பிக் கேட்பேன். சம்மதம் என்றால் மனு எழுதுவேன். பாதிப் பேர் அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முல்லைப் பெரியாறு அணையை இடிக்கணும்னு பேசறது வெறுப்புப் பேச்சா? 2011ல் நடந்தது மறந்துபோச்சா?

மறக்கவில்லை. இங்கே யாரும் மறக்கவில்லை.

அணை கட்டி முடிந்தது 1895இல். 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் 1886இல் போட்டது. நீர்மட்டம் எவ்வளவு என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இலும் பிறகு 2014 மே 7ஆம் தேதியும் 142 அடிக்கு அனுமதி கிடைத்தது. இடையில் 2011 நவம்பர் கடைசியில் இடுக்கியில் நிலநடுக்க அதிர்வுகள், அணை உடைந்துவிடும் என்ற பயம், இரண்டு பக்கமும் ஊர்வலம். டிசம்பரில் கம்பம், கூடலூர்க் கூட்டம் குமுளியை நோக்கி ஏறியது; மலைப்பாதையில் தடியடி, 144. இந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள், பெண்களும் குழந்தைகளும், பயந்துபோய்க் காட்டு வழியாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கினார்கள். அந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். சபரிமலைக்குப் போன ஐயப்பமார் வண்டிகளும் தப்பவில்லை.

அந்த மாதம் குமுளியில் எதையெல்லாம் பேசினார்கள் என்று இன்றைக்கு உட்கார்ந்து தரம் பிரித்தால் சட்டம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். கீழே இருப்பவை உதாரணத்துக்கு நானே எழுதியவை, இதுபோன்றவற்றை அன்று எல்லாரும் கேட்டோம்.

"அணை பழசாகிவிட்டது, இடித்துப் புதிதாகக் கட்டு." இது கோரிக்கை. தேனி விவசாயிக்கு வயிறு எரியும். எரிந்தாலும் இது முழுக்க முழுக்கப் பேச்சுரிமை. பெரியாற்றுக் கரையில் குடியிருப்பவர் தன் உயிருக்குப் பயந்து பேசுவதை வெறுப்பு என்று சொல்வது அநியாயம்.

"தமிழன் தண்ணிக்காக நம்மைச் சாகடிப்பான்." இது ஒரு மக்கள் கூட்டத்தின்மேல் பழி. அசிங்கம். சாதாரண நாளில், செய்தித்தாளில் வந்தால், நான் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன், பதில் எழுதச் சொல்வேன். டிசம்பர் முதல் வாரத்தில் மைக் கட்டிய ஜீப்பில் சொன்னால்? 196 வரும் என்பது என் எண்ணம். நேரமும் கூட்டமும் அதன் எடையை மாற்றிவிடுகின்றன.

"பாண்டிக்காரன் கடையில வாங்காதே." இது சிக்கல். எதை வாங்குவது, வாங்காமலிருப்பது என்பது அவரவர் உரிமை. பகிஷ்கரிப்பு காந்தி காலத்து ஆயுதம். ஆனால் ஒருவரின் அரசியலை எதிர்க்காமல் பிறப்பை வைத்துக் கடையை மூடச் சொல்வது பகை வளர்ப்பதுதான். நான் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொன்னதில்லை.

"அந்தத் தோட்டத்து லயத்தில முப்பது பேர் இருக்காங்க, ராத்திரிக்குள்ள இறக்கிவிடுங்க." இதில் விவாதமே கிடையாது. ஆள், இடம், நேரம் மூன்றும் சொல்லியாகிவிட்டது. அமெரிக்காவாக இருந்தாலும் உள்ளே போவார்.

1989இல் ரங்கராஜன் வழக்கு ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியது, இடஒதுக்கீடு சம்பந்தப்பட்டது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் நெருக்கமான, நேரடியான தொடர்பு வேண்டும், வெடிமருந்துக் கிடங்கில் விழுந்த பொறி மாதிரி என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. போராட்டம் நடக்கும் என்று மிரட்டினால் பேச்சுரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்றும் சொன்னது. அப்படிப் பார்த்தால் 2011 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'டேம் 999' படத்தைத் தடை செய்தது எனக்கு ஒப்பவில்லை. ஓர் அணை உடைவதைக் காட்டிய படம் யாரையும் அடி என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் இப்படிச் சொன்னதற்கு என்னோடு சில பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

2021 அக்டோபரில் மறுபடி கிளம்பியது. ஒரு மலையாள நடிகர் அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று பதிவு போட்டார், தேனியில் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். பதிவும் பேச்சு, கொடும்பாவியும் பேச்சு. அந்தச் சமயம் அணை உடையப்போகிறது என்று பீதி கிளப்புகிறவர்கள்மேல் சட்டப்படி நடவடிக்கை வரும் என்று கேரள முதல்வரே சட்டசபையில் எச்சரித்தார். ஆள் யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை.

சாதிப் பெயர் சொல்லித் திட்டினா?

இங்கே சட்டம் தெளிவு. பட்டியல் சாதி, பழங்குடி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. பிரிவு 3(1)(ஆர்) பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும், 3(1)(எஸ்) சாதிப் பெயர் சொல்லி ஏசுவதையும் தண்டிக்கிறது. கலவரம் வர வேண்டும், கூட்டம் கூட வேண்டும் என்ற நிபந்தனையெல்லாம் இல்லை. ஒரே ஆளைத் திட்டினாலும் போதும். ஆனால் நான்கு சுவருக்குள், வெளி ஆள் யாரும் இல்லாத இடத்தில் சொன்னது "பொதுப் பார்வை" ஆகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் தீர்ப்பு வந்தது. அதனால் சாட்சி முக்கியம்.

மலைத்தோட்டத்தில் வேறொரு முட்டுக்கட்டை. பட்டியல் சாதி அந்தஸ்து மாநிலத்துக்கு மாநிலம் தனி. தாத்தா 1950க்கு முன்னால் மலையேறினாரா பின்னால் ஏறினாரா என்று தாலுகா ஆபீஸில் ஆதாரம் கேட்பார்கள். பின்னால் என்றால் கேரளச் சான்றிதழ் கிடைப்பது கஷ்டம். மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தலித் தமிழர்கள், அவர்களிடம் போய் இந்தக் காகிதக் கேள்வி. வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பைச் சொந்த மாநிலத்தோடு மட்டும் குறுக்கக்கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2023இல் சொல்லியிருக்கிறது. கேரளத்தை அது கட்டாயப்படுத்தாது, ஆனாலும் மனுவில் எடுத்துக்காட்டலாம். தமிழ்நாட்டுச் சான்றிதழ் பெட்டியில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

பேசினது மந்திரின்னா? பெண்கள் ஒற்றுமைக்காரங்களைப் பத்திப் பேசினாரே, என்ன ஆச்சு?

2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண்கள், எல்லாக் கட்சி யூனியன்களையும் ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பேர் வந்தது அப்போதுதான். 2017 ஏப்ரலில் அன்றைய மின்துறை அமைச்சர் எம்.எம். மணி ஒரு கூட்டத்தில் அந்தப் போராட்டத்தைக் கொச்சைப்படுத்திப் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பெண்கள் மூணாறு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், உத்தரப் பிரதேச அமைச்சர் ஒருவர் பேசிய வழக்கோடு சேர்ந்து அரசியல் சாசன அமர்வுக்கு வந்தது. 2023 ஜனவரி 3ஆம் தேதி, கௌஷல் கிஷோர் வழக்கு என்ற பெயரில் தீர்ப்பு. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம். 19(2)இல் இருக்கும் காரணங்களுக்கு மேல் அமைச்சருக்கென்று புதுக் கட்டுப்பாடு போட முடியாது என்றார்கள். அமைச்சர் பேசியதை அரசு பேசியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார்கள். நீதிபதி நாகரத்னா தனியாக எழுதினார். அமைச்சர் பதவி சார்ந்து பேசி, அது அரசின் கருத்தாகவும் இருந்தால் அரசையே பொறுப்பாக்கலாம் என்றார்.

மூணாறுப் பெண்களுக்குக் கையில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் நான்கு பேர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு அமைச்சர் வாயை அடைக்கக் கண்டுபிடிக்கும் புதுக் கட்டுப்பாடு, அடுத்த போனஸ் போராட்டத்தில் அந்தப் பெண்களின் கோஷத்தின்மேல்தான் முதலில் பாயும். அரசின் பொறுப்பைப் பற்றி நாகரத்னா சொன்னதில் மட்டும் எனக்குச் சம்மதம். அரசு வண்டியில் வந்து அரசு மேடையில் ஏறிப் பேசுகிறவர், தனி ஆளாகப் பேசினேன் என்று கழன்றுகொள்ளக்கூடாது.

நாங்க குறை சொன்னா எங்க மேலயே கேஸ் போட்டுருவாங்கன்னு பயமா இருக்கு.

பயத்தில் நியாயம் இருக்கிறது. "இந்த ஊரில் தமிழர்களை ஒதுக்குகிறார்கள்" என்று எழுதினால், பகை மூட்டுகிறாய் என்று திருப்புவது எளிது. மேகாலயாவில் பத்திரிகையாளர் பட்ரீசியா முகிம்முக்கு அதுதான் நடந்தது. பழங்குடியல்லாத இளைஞர்களை அடித்தவர்களை ஏன் பிடிக்கவில்லை என்று முகநூலில் கேட்டார், அவர்மேலேயே 153ஏ. 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்துசெய்தது. சமமாக நடத்து என்று கேட்பது வெறுப்புப் பேச்சு ஆகாது என்பதுதான் அதன் சாரம்.

2025 மார்ச் 28 அன்று வந்த இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பையும் வக்கீலிடம் சொல்லி வையுங்கள். ஒரு கவிதைக்காக அவர்மேல் போட்ட வழக்கு அது. பேச்சு சம்பந்தமாக, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை வரும் புகார் என்றால், எஃப்.ஐ.ஆர். போடும் முன் முதற்கட்ட விசாரணை செய்வது உகந்தது என்றது. எதற்கெடுத்தாலும் நடுங்குகிறவரின் கண்ணால் பார்க்கக்கூடாது, மன உறுதியுள்ள நியாயமான மனிதரின் கண்ணால் பேச்சை எடைபோட வேண்டும் என்றும் சொன்னது.

எழுதும்போது ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: "மலையாளிகள்" என்று எழுதாமல், செய்தவர் யார், எந்த ஆபீஸ், எந்தத் தேதி என்று எழுதுங்கள். வழக்கிலிருந்து காப்பாற்றும் என்பது பிறகு. முதலில் அது உண்மைக்கு நெருக்கம்.

வாட்ஸாப்பில் யாரோ போட்டதுக்கு அட்மின் மாட்டுவானா?

மாட்ட மாட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் சொல்லிவிட்டன. ஃபார்வர்டு செய்தவர் மாட்டுவார். எய்த அம்பு மாதிரி, அனுப்பியவர்தான் விளைவுக்குப் பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் எஸ்.வி. சேகர் வழக்கில் சொன்னது. "படிக்காமல் அனுப்பிட்டேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

"66ஏ-ல உள்ள தள்ளிருவேன்" என்று யாராவது மிரட்டினால் சிரியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவு 2015 மார்ச்சில், ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் செத்துவிட்டது. அதே தீர்ப்பில் கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(டி)யும் போனது. 2020 நவம்பரில் 118ஏ என்று அவசரச் சட்டமாகப் புதிதாக ஒன்று கொண்டுவந்து, எல்லாப் பக்கமும் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே அரசு பின்வாங்கியது.

தமிழ்நாட்டுக்காரங்க மத்தவங்களைப் பேசறதும் இதே கணக்குதானா?

அதே கணக்குதான். சென்னையில் தெலுங்கு பேசுவோரைப் பற்றி இழிவாகப் பேசிய நடிகை கஸ்தூரி, 2024 நவம்பரில் ஐதராபாத்தில் கைதானார். அவர் பேச்சு கேவலம்தான். அதற்காகத் தனிப்படை அனுப்பிச் சிறையில் வைத்தது மிகை என்று அப்போதும் சொன்னேன்.

நம் லயங்களுக்குள்ளும் பாருங்கள். இப்போது பறிக்க ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் வருகிறார்கள். அவர்களை நம்மாட்கள் கூப்பிடும் பெயர்களைக் கேட்டால், "பாண்டி" என்றதற்கு மனு எழுத வந்தவர்தானா இவர் என்று இருக்கும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, ஆயிரம் மைல் தள்ளி இருந்த குடும்பங்கள் அழுதன. அந்தப் பொய்யைப் பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டது சரி. பயந்து ரயில் ஏறும் ஆளுக்குப் பதில் கட்டுரை எழுதிப் பயனில்லை.

புகார் எங்கே கொடுக்கணும்? மலையாளம் எழுதத் தெரியாது.

தமிழிலேயே கொடுங்கள். குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் எழுத இடம் தருகிறது. "மலையாளத்துல எழுதிட்டு வா" என்று மேசையில் தள்ளினால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பவம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் பக்கத்து ஸ்டேஷனில் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். வாங்க மறுத்தால் மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். வெறுப்புப் பேச்சு என்றால் யாரும் புகார் தராவிட்டாலும் போலீஸ் தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு நீட்டித்தது. மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

சொன்ன வார்த்தையை அப்படியே, சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். "கேவலமாகத் திட்டினார்" என்று எழுதினால் எதற்கும் ஆகாது. வீடியோ இருந்தால் எடுத்த போனை அழிக்காமல் வையுங்கள், அதற்கு மின்னணுச் சான்றிதழ் கேட்பார்கள். 196இல் நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். பல வழக்குகள் அந்தக் காகிதத்துக்காகவே வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன.

மன்னிப்புக் கேட்டுட்டா கேஸ் முடிஞ்சிருமா?

196 நமக்குள் பேசிச் சமாதானமாகி முடிக்கிற வழக்கு இல்லை, உயர் நீதிமன்றம்தான் ரத்துசெய்ய முடியும். 2024 மார்ச்சில் பெங்களூர் குண்டுவெடிப்பை வைத்து ஒன்றிய அமைச்சர் ஷோபா கரந்தலாஜே தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் குண்டு வைக்கிறார்கள், கேரளாவிலிருந்து வருகிறவர்கள் ஆசிட் வீசுகிறார்கள் என்று ஒரே மூச்சில் பேசினார். நம் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உட்காரவைத்த அபூர்வமான பேச்சு அது. மதுரைப் போலீஸ் வழக்குப் போட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார், தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது, செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்துசெய்தது.

உங்கள் தகராறு அந்த அளவுக்குப் போகாமல், ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசி முடிப்பதாக இருந்தால் ஒரு நிபந்தனை வையுங்கள். எந்தக் கூட்டத்தில் சொன்னாரோ அதே கூட்டத்தில், எந்தக் குழுவில் போட்டாரோ அதே குழுவில் மன்னிப்பு வர வேண்டும். இன்ஸ்பெக்டர் ரூமில் கையைப் பிடித்துக்கொண்டு "விடு அண்ணாச்சி" என்றால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.